முதலில் ஆள், அடுத்து மாதம், அப்புறம்தான் ஊர்: குடும்பச் சுற்றுலாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று வீட்டில் பேச்சு எடுத்ததும் ஊர்ப் பெயர்கள் வரிசையாக வந்து விழும். ஊட்டி, கொடைக்கானல், குற்றாலம், ராமேஸ்வரம். பெயர் முடிவானதும் தேதி, தேதி முடிவானதும் ரூம். எல்லாம் முடிந்த பிறகுதான் "அம்மாவுக்கு முழங்கால் வலியாச்சே" என்ற நினைப்பு வரும். பெரும்பாலான பயணங்கள் கெட்டுப்போவது இந்த வரிசையால்தான். கூட்டத்தில் உடல் வலு குறைந்தவர் யார், அவரால் எத்தனை மணி நேரம் வண்டியில் உட்கார முடியும், எத்தனை படி ஏற முடியும் என்பதை முதலில் பாருங்கள். அடுத்து, போகும் மாதம். இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் ஊர் தானாகவே முடிவாகிவிடும்.

மே மாதத்து மலை

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் போக இ-பாஸ் வேண்டும். 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி இது நடைமுறையில் இருக்கிறது. 2025 நவம்பர் முதல் வால்பாறைக்கும் வந்துவிட்டது. 2025 கோடையில் நீதிமன்றம் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிகள்தான் என்று எண்ணிக்கையும் வைத்தது: ஊட்டிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. பலர் ரூமுக்குப் பணம் கட்டிவிட்டு, கிளம்பும் நாள் காலையில் பாஸுக்கு உட்காருகிறார்கள். ஒதுக்கீடு தீர்ந்திருந்தால் ரூம் பணமும் போகும், பயணமும் போகும். முதலில் பாஸ் போடுங்கள், பிறகு ரூம். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

செக்போஸ்டில் மாட்டிக்கொள்ளும் இன்னொரு சங்கதி தண்ணீர் பாட்டில். நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் ஒரு பெட்டி நிறைய பாட்டில் வாங்கி ஏற்றிக்கொண்டு போவது வீண் செலவு. ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில் போதும்.

மேலே போனபின் செய்யும் தவறு, எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடத் துடிப்பது. தொட்டபெட்டா, தாவரவியல் பூங்கா, பைக்காரா, குன்னூர் சிம்ஸ் பூங்கா என்று வாடகைக் கார்க்காரர் ஒரு பட்டியல் வைத்திருப்பார். இவை ஒரே திசையில் இல்லை. பைக்காரா கூடலூர் சாலையில், குன்னூர் அதற்கு நேர் எதிர்ப் பக்கம். மே மாத நெரிசலில் பெரியவர்களும் குழந்தைகளும் பார்ப்பது முன்னால் நிற்கும் வண்டியின் பின்பக்கத்தைத்தான். ஒரு நாளைக்கு ஒரு திசை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டி நகருக்குள்தான் தங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கோத்தகிரியிலோ குன்னூரிலோ தங்கினால் குளிருக்குக் குறைவில்லை, இரைச்சல் குறைவு. பள்ளிக் குழந்தைகள் இல்லாத வீடு என்றால் மே மாதத்தை விட்டுவிட்டு, அங்குள்ளவர்கள் இரண்டாம் சீசன் என்று சொல்லும் செப்டம்பர், அக்டோபரில் போகலாம்.

மலை ரயில் விஷயத்தில் ஒரு குழப்பம் ஓயாமல் நடக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிவரை 46 கிலோமீட்டர். தண்டவாளத்தின் நடுவில் பல்சட்டம் (எஞ்சினின் பற்சக்கரம் பற்றிக்கொண்டு ஏறும் பல்வரிசை) இருப்பது கல்லாறு முதல் குன்னூர்வரைதான். காடு, குகை, பாலம் என்று படங்களில் பார்ப்பதில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. டிக்கெட் கிடைக்கவில்லை என்று குன்னூர்–ஊட்டி ரயிலில் ஏறிவிட்டு, "இதுதானா?" என்று கேட்பவர்கள் உண்டு. அதுவும் அழகான பாதைதான். ஆனால் பல்சட்டமும் இல்லை, செங்குத்து ஏற்றமும் இல்லை. மறுபக்கம், முழுப் பாதையும் எல்லோருக்கும் பொருந்தாது. ஏறுவதற்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆகும், பெட்டியில் கழிப்பறை கிடையாது. சர்க்கரை நோயாளிகளுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் அது பெரிய சோதனை. அவர்களுக்குக் குன்னூர்–ஊட்டியே சரி. இறங்கும்போது மேட்டுப்பாளையம் ரயில் பிடித்தால் சுமார் மூன்றரை மணி நேரம். ஐப்பசி, கார்த்திகையில் மண்சரிவால் ரயில் ரத்தாவது வாடிக்கை. அந்த மாதங்களில் ரயிலை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கொடைக்கானல் போகிறவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. கொடை ரோடு என்பது ரயில் நிலையத்தின் பெயர்தான். அங்கே இறங்கினால் கொடைக்கானல் இன்னும் 80 கிலோமீட்டர். இரவு நேரத்தில் குழந்தைகளோடு இறங்கி வண்டி தேடும்படி டிக்கெட் எடுக்காதீர்கள்.

சொந்தக் காரில் மலை ஏறுபவர்களுக்கு

ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து. சமவெளியில் ஓட்டிப் பழகிய கால் பிரேக்கிலேயே இருக்கும். தொடர்ந்து அழுத்திக்கொண்டே வந்தால் பிரேக் பட்டை சூடேறி, பிடிமானம் குறையும். முதல் அறிகுறி கருகிய வாசனை. அடுத்தது, மிதி வழக்கத்தைவிட ஆழமாக உள்ளே போவது. அதற்குமேல் ஓட்டக் கூடாது. அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி, இருபது நிமிடமாவது ஆறவிடுங்கள். அவசரப்பட்டுச் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது. சூடான டிஸ்க் வளைந்துபோகும். இப்படி நேராமல் இருக்க வழி எளிது. எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது. வேகத்தை எஞ்சினே பிடித்துக்கொள்ளும், பிரேக் வளைவுக்கு முன்னால் மட்டும் போதும். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் 'எல்' அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றுங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவது தற்கொலைக்குச் சமம். ஏறி வரும் வண்டிக்கு வழிவிட வேண்டியது இறங்குபவரின் பொறுப்பு. கொண்டை ஊசி வளைவில் பேருந்து திரும்பிக்கொண்டிருந்தால் பத்தடி முன்பே நின்றுவிடுங்கள். அதற்கு முழுச் சாலையும் தேவை.

செல்போன் வரைபடம் சொல்கிறது என்று ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்க முயல்வதும் அடிக்கடி நடக்கிறது. தூரம் குறைவுதான். ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகளும் மிகச் செங்குத்தான சரிவும் உள்ள பாதை அது. விபத்துகள் நடந்த பிறகு வெளியூர் வண்டிகள் அந்த வழியில் இறங்க விடுவதில்லை. கூடலூர் சுற்றித்தான் போக வேண்டும். அங்கிருந்து மைசூர் போவதாக இருந்தால், பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

பின் சீட்டில் வாந்தி எடுக்கும் குழந்தை இல்லாத மலைப்பயணம் அபூர்வம். அடிவாரத்தில் வயிறு முட்டப் பூரி மசாலா வாங்கிக் கொடுத்துவிட்டு மலையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இரண்டு இட்லி போதும். செல்போனைக் கையில் கொடுக்காமல், தூரத்தைப் பார்க்கும்படி ஜன்னலோரம் உட்காரவையுங்கள். மாத்திரை தருவதாக இருந்தால் வயதுக்கேற்ற அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, மலை ஏறுவதற்கு அரை மணி முன்பே கொடுக்க வேண்டும். வாந்தி வந்த பிறகு கொடுத்தால் அதுவும் வெளியே வந்துவிடும்.

அருவி

குற்றாலத்தின் சீசன் தென்மேற்குப் பருவமழையோடு வருவது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட். மே முதல் வாரத்தில் போய், பாறையில் கோடு போல வழியும் தண்ணீரைப் பார்த்து ஏமாறுபவர்கள் ஏராளம். அதற்காக மே மாதத்து அருவி சாது என்றும் நினைக்கக் கூடாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துக்கொண்டு போனது. மழை பெய்வது மலைக்குமேல்; கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறினால், இலையும் குச்சியும் கூடவே வந்தால், இரைச்சல் கனத்தால், சோப்புப் பெட்டியைத் தேடிக்கொண்டு நிற்காமல் வெளியே வந்துவிட வேண்டும். (சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்கு அங்கே அனுமதியும் இல்லை.) வயதானவர்களை விழும் தண்ணீருக்கு நேர் கீழே நிறுத்தாதீர்கள், ஓரத்தில் சிதறும் நீரே போதும். கழுத்து வலி உள்ளவர்கள் தலையைக் கொடுக்கவே கூடாது.

ராமேஸ்வரமும் குமரியும்

பெரியவர்களை அழைத்துப் போகும் ஊர்களில் ராமேஸ்வரத்துக்குத்தான் முதலிடம். அமாவாசையன்று, அதுவும் ஆடி, தை, மகாளய அமாவாசையன்று அழைத்துப் போவதுதான் முதல் பிழை. புண்ணியம் கூடுதலாக இருக்கலாம், நெரிசல் அதைவிடக் கூடுதல். நடக்கச் சிரமப்படுபவர் இருந்தால் சாதாரண வார நாள் பாருங்கள்.

தீர்த்தமாடும் முறை தெரியாமல் போவதால் வரும் தொல்லைகள் தனி. முதலில் அக்னி தீர்த்தம் என்ற கடலில் குளித்துவிட்டு, ஈரத் துணியோடு கோயிலுக்குள் போய் 22 தீர்த்தங்களிலும் வரிசையாகக் குளிக்க வேண்டும். பெரும்பாலானவை கிணறுகள். கிணற்று மேட்டில் நிற்பவர் வாளியில் இறைத்துத் தலையில் ஊற்றுவார். அடுத்த கிணற்றுக்கு ஓட்டமும் நடையுமாகப் போக வேண்டும். ஆயிரக்கணக்கானவர்கள் சொட்டச் சொட்ட நடந்த கருங்கல் தரை அது. பெரியவர்கள் விழுவது கிணற்றடியில் அல்ல, ஒரு கிணற்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் அந்த நடையில்தான். இருபக்கமும் ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், கூட்டத்தின் வேகத்துக்கு நடக்காதீர்கள். காலைச் சுற்றிக்கொள்ளும் பட்டுப் புடவை வேண்டாம். அடர்நிறத்தில் பருத்தி நல்லது. ஈர உடையோடு மூலவர் சன்னதிக்குப் போக முடியாது என்பதால் மாற்று உடை கட்டாயம். குளிக்காத ஒருவர் கூட்டத்தில் இருந்து, உலர்ந்த துணிப் பையையும் மருந்துகளையும் வைத்துக்கொண்டால் பாதி வேலை மிச்சம். செல்போனுக்கு உள்ளே அனுமதி இல்லை. ஆகவே, பிரிந்துபோனால் எந்த வாசலில் சந்திப்பது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அதிகாலை 5 மணி ஸ்படிக லிங்க தரிசனத்தையும் தீர்த்தத்தையும் மதியத்துக்குள் தனுஷ்கோடியையும் ஒன்றாக முடிக்க நினைத்தால், பெரியவர்கள் மறுநாள் எழமாட்டார்கள்.

தனுஷ்கோடியின் அரிச்சல்முனைவரை 2017 முதல் தார்ச்சாலை இருக்கிறது. சாலை நன்றாக இருப்பதாலேயே நினைத்த நேரத்தில் போகலாம் என்று எண்ணிவிடுகிறார்கள். மாலையில் வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள். மதியம் போனால் ஒதுங்க நிழல் கிடையாது. இரண்டு கடல்களும் சந்திக்கும் முனையில் இழுப்பு அதிகம். முழங்கால் அளவு தண்ணீரிலும் குழந்தைகளை இறக்காதீர்கள்.

கன்னியாகுமரியில் சூரிய உதயமும் அஸ்தமனமும் கடலில் பார்க்கலாம் என்று கேள்விப்பட்டு மே, ஜூனில் போகிறவர்களுக்குப் பாதிதான் கிடைக்கும். அந்த மாதங்களில் சூரியன் வடக்கே சாய்ந்து மறைவதால் அஸ்தமனம் நிலத்தின் பக்கம் போய்விடும். அக்டோபர் பாதியிலிருந்து மார்ச் பாதிவரை கடலிலேயே தெரியும். ஆனால் அதே காலத்தில் ஐயப்ப பக்தர்கள் கூட்டமும் வரும். கார்த்திகை, மார்கழியில் விவேகானந்தர் பாறைக்குப் படகு வரிசை நீளம். காலையில் முதல் படகுக்கே போய்விடுங்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள்கிழமை விடுமுறை.

விடுமுறை நாள் பாராமல் போய் ஏமாறுவது சென்னைப் பக்கமும் உண்டு. வண்டலூர் உயிரியல் பூங்காவும் தென்னிந்தியக் கலை, கைவினை அருங்காட்சியகமான தட்சிணசித்ராவும் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். வேடந்தாங்கலுக்கு நவம்பர் முதல் மார்ச்வரை போங்கள். ஜூனில் போனால் பறவை இல்லாத மரங்களைக் குழந்தைகளுக்குக் காட்டிவிட்டு வரலாம். தஞ்சை, கும்பகோணம் கோயில் பயணத்தில் நாளைக்குப் பத்துக் கோயில் என்று போடும் பட்டியல் மதியம் 12 மணிக்கு மேல் படுத்துவிடும். பெரும்பாலான கோயில்கள் மாலை 4 மணிவரை நடை சாத்தியிருக்கும். திறந்திருக்கும் கோயிலிலும் உச்சி வெயிலில் கருங்கல் பிராகாரத்தில் வெறுங்காலோடு நடக்க முடியாது. காலையில் மூன்று, மாலையில் இரண்டு, நடுவில் சாப்பாடும் தூக்கமும். அவ்வளவுதான்.

மலையேற்றத்துக்கு நண்பர்களோடு போகும் இளைஞர்கள், "உள்ளூர் ஆள் ஒருத்தர் கூட்டிட்டுப் போவார்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி, பல உயிர்கள் போயின. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை இணையவழிப் பதிவோடு, வழிகாட்டியோடு திறந்திருக்கிறது. அதிலே கடினம், நடுத்தரம், எளிது என்று பிரித்திருக்கிறார்கள். முதல்முறை போகிறவர் கடினத்தைத் தொடாமல் இருப்பது நல்லது. தீ அபாயம் உள்ள மாசி, பங்குனியில் பாதைகளை மூடிவிடுவார்கள்.

கடைசியாக ரயில் டிக்கெட். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பழைய 120 நாள் கணக்கில் இருக்காதீர்கள். ஆறு பேருக்கும் ஒரே டிக்கெட்டாகப் போட்டுவிட்டு, பாட்டிக்கு மேல் பெர்த் வந்ததே என்று டி.டி.இ.யிடம் கெஞ்சுவது தவிர்க்கக்கூடியது. கீழ் பெர்த்துக்கான தனி ஒதுக்கீடு 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் உண்டு. ஆனால் ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ மட்டும் இருந்தால்தான் அது கிடைக்கும். தாத்தா பாட்டிக்குத் தனி டிக்கெட், மற்றவர்களுக்கு வேறு டிக்கெட் என்று பிரித்துப் போடுங்கள். பெட்டி மாறி வந்தாலும் பரவாயில்லை; இரவு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வர ஒரு பேரன் போதும்.