வேலைக் காயமும் குடும்பச் சொத்தும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேல்மாடி கட்டும்போது விழுந்த மேசனிடமும், அரிசி ஆலையில் விரல் போனவரிடமும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே ஒரு தாள் நீட்டப்படுவது உண்டு. "இந்தக் காச எடுங்க, இனி ஒண்டும் கேக்கமாட்டன் எண்டு கையெழுத்து வையுங்க." அந்த நேரத்துக் கையெழுத்துத்தான் முதல் தவறு. நட்டஈட்டு உரிமையையே விட்டுக்கொடுப்பதாக எழுதிய ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. ஆனால் அதை வைத்தே குடும்பத்தைப் பயமுறுத்தி அலைய வைப்பார்கள்.

"நீ நாட்கூலிதானே, உனக்குச் சட்டம் இல்லை" என்று முதலாளி சொன்னால் நம்பாதீர்கள். இலங்கையின் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் நாட்கூலிக்காரருக்கும் உரியது. 2022 திருத்தம் உச்சத் தொகையை 20 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. வேலைக்குப் போகும்போதும் வீடு திரும்பும்போதும் நடக்கும் விபத்தையும் உள்ளே கொண்டுவந்தது. மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்வரும் நம் பிள்ளைகளுக்கு இது பெரிய விசயம், பலருக்குத் தெரியவே தெரியாது. விபத்தை உடனே எழுத்தில் அறிவியுங்கள். வைத்திய அறிக்கை, சம்பளத் துண்டு, கூட வேலை செய்தவர்களின் பெயர் எல்லாம் கையில் இருக்கட்டும். தொழிலாளி இறந்துவிட்டால், நட்டஈட்டை முதலாளி நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்பிலிட வேண்டும். அதை இறந்தவரின் உழைப்பில் தங்கியிருந்தோருக்குப் பிரித்துக் கொடுப்பவர் ஆணையாளர்தான். முதலாளி வீட்டுக்கு வந்து தரும் காசோடு கணக்கு முடிந்தது என்று ஒதுங்கிவிடாதீர்கள்.

அப்புறம் சொத்து. யாழ்ப்பாணத்தாரின் வழக்கச் சட்டமான தேசவழமைதான் கிழக்கிலுள்ள நமக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழருக்கு நாட்டின் பொதுச் சட்டமே. மரணசாதனம் (உயில்) இல்லாமல் ஒருவர் இறந்துபோனால் பாதி துணைக்கு, மீதி ஆண் பெண் பேதமின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாக. முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. மரணசாதனம் எழுதுவதானால் பத்திரம் எழுதி உறுதிப்படுத்தும் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும்; நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சிகள். பங்கு பெறும் பிள்ளையைச் சாட்சியாக நிறுத்தாமல் இருப்பதே பாதுகாப்பு.

மகளின் கலியாணத்துக்கு வீட்டை நன்கொடை உறுதியாக (நன்கொடைப் பத்திரமாக) எழுதிக் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம், நல்ல வழக்கமும்கூட. ஆனால் சாகும்வரை அனுபவிக்கும் உரிமையான சீவிய உருத்தை உங்களுக்கென்று ஒதுக்காமல் எழுதிவிட்டால் வயதான காலத்தில் அந்த வீட்டில் இருக்க உங்களுக்குச் சட்ட உரிமை இல்லை. நன்கொடையைத் திரும்ப எடுப்பதும் இலேசான காரியமல்ல. உறுதி எழுதும் அன்றே அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். மகள் கோபித்துக்கொள்வாளோ என்று தயங்க வேண்டாம்.

அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணிக்குக் கதை வேறு. உறுதிக் காணியைப் போல எல்லாருக்கும் பிரியும் என்று எண்ணி எத்தனையோ வயல்கள் வழக்கில் கிடக்கின்றன. பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பின்னுரித்தாளியை, அதாவது உங்களுக்குப் பின் காணியைப் பெறுபவரை, பெயர் குறித்து நியமியுங்கள். அந்த நியமனம் நீங்கள் உயிரோடிருக்கும்போதே காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். பதியாத நியமனம் செல்லாது. பத்திரம் வீட்டு அலுமாரிக்குள் இருந்தால் மட்டும் போதாது, பதிவு முடிந்ததா என்று நேரில் போய்ப் பாருங்கள்.