இருபத்திரண்டாம் தேதி டப்பா

சம்பளம் வந்த வாரம் எல்லார் வீட்டிலும் நல்ல சாப்பாடுதான். முதல் வாரம் சிக்கன், இரண்டாவது வாரம் மூன்று காய் போட்ட சாம்பார், மூன்றாவது வாரம் ரசமும் அப்பளமும், அதற்கப்புறம் தெருமுனைக் கடையில் "அண்ணாச்சி, நோட்டுல எழுதிக்கங்க" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வருவது. எங்கள் வீட்டிலும் பல வருஷம் இதுதான் கதை. மதுரையில் வாடகை வீடு, நாங்கள் இரண்டு பேர், அத்தை, பிள்ளைகள் இரண்டு பேர். மளிகை, காய், பால், முட்டை எல்லாம் சேர்த்து மாதம் ₹7,500-க்குள் முடித்தாக வேண்டும். மூன்று மாதம் விடாமல் கணக்கு எழுதிப் பார்த்தபோதுதான் பணம் எங்கே ஓடுகிறது என்று புரிந்தது. கடைசிப் பத்து நாளில் கடனுக்கு வாங்கிய நூறு கிராம் பொட்டலங்கள், இட்லி மாவு பாக்கெட், "இன்னிக்குச் சமைக்க ஒண்ணுமில்ல" என்று வாங்கி வந்த பரோட்டா. அரிசி பருப்புக்கு ஆன செலவு பாவம், அப்படியே கட்டுக்குள்தான் இருந்தது.

அதனால் நான் செய்வது ஒரே ஒரு வேலைதான். மளிகை வீட்டுக்கு வந்ததும், முதல் வாரத்துக்கு எதையும் எடுப்பதற்கு முன்னால், 22-ஆம் தேதியிலிருந்து மாதம் முடியும் வரைக்கான சாமானை அளந்து ஒரு பெரிய தகர டப்பாவில் போட்டு மூடிவிடுவேன். அந்தக் காலத்தில் பாட்டிமார் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டு வைப்பார்களே, அதே பிடி அரிசிக் கணக்குதான், கொஞ்சம் பெரிய அளவில். எங்கள் ஐந்து பேருக்கு டப்பாவில் போவது: அரிசி ஐந்தரை கிலோ, துவரம் பருப்பு 300 கிராம், கொள்ளு, தட்டைப்பயறு, பச்சைப்பயறு மூன்றும் கால் கால் கிலோ, உளுந்து கால் கிலோ, நிலக்கடலை அரை கிலோ, எண்ணெய் அரை லிட்டர், ஒரு உருண்டை புளி, ஒரு பாட்டில் குழம்புத் தூள், வற்றல் ஏதாவது ஒரு பொட்டலம். மேலே ஒரு கவரில் ₹800, அது காய்க்கும் பாலுக்கும். வெங்காயம் மட்டும் வெளியே, காற்றாடக் கூடையில். அந்த டப்பாவைப் பரணில் வைப்பது நல்லது. கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் பதினைந்தாம் தேதியே "கொஞ்சம் எண்ணெய் மட்டும்" என்று கை போகும். என் கை போயிருக்கிறது.

மிச்சம் இருப்பதை வைத்து இருபத்தொரு நாளை ஓட்ட வேண்டும், அதற்கு அடித்தளம் ரேஷன். அரிசி கார்டு இருந்தால் அரிசிக்குக் காசு இல்லை, 2011 ஜூனிலிருந்தே அப்படித்தான். துவரம் பருப்பு கிலோ ₹30, பாமாயில் லிட்டர் ₹25, கார்டுக்கு ஒவ்வொன்று. அரிசியில் ஒரு பங்குக்குப் பதிலாகக் கோதுமை இருந்தால் கேட்டு வாங்குங்கள், மில்லில் கொடுத்து அரைத்தால் பாக்கெட் ஆட்டா வாங்கும் செலவு மிச்சம். ஒரு விஷயம், முதல் நடையிலேயே எல்லாம் கிடைத்துவிடாது, "பாமாயில் வரல, அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். சலித்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள், அந்த மாதத்துப் பருப்பு அந்த மாதத்தோடு போய்விட்டால் வெளிக்கடையில் வாங்கும்போதுதான் வலிக்கும்.

ரேஷன் அரிசியைச் சோற்றுக்குப் பிடிக்காதவர்கள் இட்லிக்குப் போடுங்கள். புழுங்கல் அரிசி நான்கு டம்ளர், உளுந்து ஒரு டம்ளர், ஒரு ஸ்பூன் வெந்தயம். அரிசியை நாலைந்து தண்ணீர் விட்டு, தண்ணீர் தெளியும் வரை அலசிவிட்டு அப்புறம் ஊற வையுங்கள். ரேஷன் அரிசிக்கென்றே இருக்கும் அந்த வாடை ஊற வைப்பதற்கு முன்பே போக வேண்டும், ஊறிய பிறகு கழுவினால் போகாது. முதல் நாள் இட்லி, அடுத்த நாள் தோசை, மூன்றாம் நாள் புளித்த மாவில் வெங்காயம் தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம். சோற்றுக்கு வைப்பதானால் குக்கரில் வைக்காமல் நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு வடியுங்கள். வடிகஞ்சியில் உப்பும் மோரும் கலந்தால் பிள்ளைகள் குடிப்பார்கள், ராத்திரி மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் அத்தைக்குப் பழைய சோறு ஆயிற்று. சின்ன வெங்காயம் இருந்தால் அவர் வேறு எதுவும் கேட்க மாட்டார்.

இப்போது பருப்பு. ஒரு கிலோ பருப்பு என்றால் ஐந்து பேர் வீட்டில் எத்தனை சாம்பார்? ஒரு தடவைக்கு 100 கிராம் என்று வைத்தால் பத்து. அதாவது மூன்று நாளைக்கு ஒரு சாம்பார். இந்தக் கணக்கு தெரியாமல்தான் நான் தினமும் 150 கிராம் போட்டுக்கொண்டிருந்தேன். நூறு கிராம் போதுமா என்றால், போதும், ஆனால் அதற்கு வழி இருக்கிறது. பருப்பை அரை மணி ஊற வைத்து, மஞ்சள் தூளும் இரண்டு சொட்டு எண்ணெயும் விட்டுக் குழைய வேக விடுங்கள். கடைவதற்கு முன் மேலே நிற்கும் பருப்புத் தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்துத் தனியே வையுங்கள், ராத்திரி ரசத்துக்கு அதுதான். குழம்பில் பரங்கிக்காய் ஒரு கீற்று போட்டால் அதுவே கரைந்து கெட்டி கொடுக்கும். காய் இல்லாத நாளில் பொட்டுக்கடலை மாவு ஒரு ஸ்பூன் கரைத்து ஊற்றினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. (என் கணவருக்குத் தெரியும். சொல்ல மாட்டார்.)

மற்ற நாளில் தட்டைப்பயறும் கத்தரிக்காயும் போட்ட புளிக்குழம்பு, பச்சைப்பயறு கடைசல், கொள்ளு வேகவைத்த தண்ணீரில் ரசம், அந்தக் கொள்ளிலேயே துவையல் என்று மாற்றி மாற்றி ஓடும். பயறை முந்தின நாள் ராத்திரியே ஊறப் போடுங்கள், ஊறாத கொள்ளு கேஸைத் தின்றுவிடும்.

காய்க்கு உழவர் சந்தை. 1999 நவம்பரில் முதல் சந்தை திறந்ததே எங்கள் ஊர் அண்ணா நகரில்தான், அதில் எங்களுக்கு ஒரு சின்னப் பெருமை. வாசலில் அன்றைய விலையைப் பலகையில் எழுதியிருப்பார்கள், அதைப் படித்துவிட்டுத்தான் என்ன குழம்பு என்று முடிவு செய்ய வேண்டும். வீட்டிலிருந்து "இன்னிக்கு முருங்கைக்காய் சாம்பார்" என்று முடிவு பண்ணிக்கொண்டு போனால் அந்தக் காய் என்ன விலை விற்றாலும் வாங்குவோம். நான் கையில் எடுத்துப் போவது இவ்வளவுதான்: ஒரு நாட்டுக்காய், ஒரு கிழங்கு, ஒரு கொடிக்காய், இரண்டு கட்டுக் கீரை. எது மலிவோ அது அந்த இடத்தில் உட்காரும். ரொம்ப மலிவாக இருக்கிறதே என்று மூட்டையாக வாங்கவும் கூடாது. ஒரு தடவை தக்காளி கிலோ ₹10 என்று ஐந்து கிலோ அள்ளிக்கொண்டு வந்தேன், தொக்கு போடலாம் என்று எண்ணம். ஆனால் அந்தத் தொக்குக்கு ஊற்ற வேண்டிய நல்லெண்ணெயின் விலையை யோசிக்கவில்லை; ஊற்றாமல் கிண்டியது பத்து நாளில் பூத்துவிட்டது.

வருஷத்துக்கும் ஒரு கடைசி வாரம் உண்டு, அது ஐப்பசி, கார்த்திகை. அடைமழையில் காய் விலை ஏறும், கீரை அழுகி வரும். அதற்கான டப்பாவைச் சித்திரை வெயிலிலேயே நிரப்ப வேண்டும்: கொத்தவரை வற்றல், கத்தரி வற்றல், மோர் மிளகாய், ரேஷன் பச்சரிசியில் கூழ் வடகம். மொட்டை மாடியும் காக்காய் விரட்ட ஒரு ஆளும் இருந்தால் போதும்.

கறி, மீன், முட்டை வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன், பிள்ளைகள் வளர வேண்டாமா. முட்டையை ஒன்றிரண்டாகப் பெட்டிக்கடையில் வாங்காமல் முப்பது முட்டை அட்டையாக வாங்குங்கள். புரட்டாசியில் பாதி ஊர் சைவமாகிவிடுவதால் முட்டை, கோழி விலை இறங்கும், அந்த மாதம் எங்கள் வீட்டில்தான் கொண்டாட்டம். மீனென்றால் சாளை, அதைவிடச் சத்தான மலிவு மீன் எனக்குத் தெரியாது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் மீன் பக்கமே போகாமல் நெத்திலிக் கருவாடு; ஐம்பது கிராம் கருவாட்டில் ஒரு சட்டிக் குழம்பு மணக்கும்.

சாயந்திரம் நாலரை மணிதான் பட்ஜெட்டை உடைக்கிற நேரம். பசங்க பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கண்ணில் எதுவும் படவில்லையென்றால் கடைக்கு ஓடுவார்கள், பத்து ரூபாய் பாக்கெட் இரண்டு, மாதத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். அதனால் அவர்கள் வருவதற்கு முன்பே ஏதாவது கிண்ணத்தில் இருக்க வேண்டும், அவித்த கடலையோ, சுண்டலோ, பொட்டுக்கடலையும் வெல்லமுமோ. சின்னவன் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு, காலையில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று அங்கேயே சாப்பிடுகிறான், மதியச் சத்துணவில் முட்டையும் உண்டு. சொந்தக்காரர் ஒருவர் "ஏன், வீட்ல சோறு இல்லையா?" என்று கேட்டார். வீட்டில் சோறு இருக்கிறது, அவன் நண்பர்களோடு உட்கார்ந்து சூடாகச் சாப்பிடுகிறான், இதில் குறைவு என்ன என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

22-ஆம் தேதி டப்பாவை இறக்கினால் பெரும்பாலும் 30-ஆம் தேதி கொஞ்சம் மிஞ்சும். ஒரு கைப்பிடி கொள்ளு, பச்சைப்பயறு கொஞ்சம், அடியில் கிடக்கும் துவரம் பருப்பு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி அளந்து பாருங்கள், ஒரு டம்ளர் வந்தால் இரண்டு டம்ளர் அரிசி. காலையிலேயே ஊறப் போட்டு, ஆறு வரமிளகாயும் சோம்பும் பெருங்காயமும் சேர்த்து கொரகொரப்பாக அரையுங்கள், புளிக்க வைக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு மரத்து முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி, வெங்காயம், உப்பு. கல்லில் கனமாக ஊற்றி நடுவில் ஒரு ஓட்டை போட்டு அங்கே அரை ஸ்பூன் எண்ணெய் விடுங்கள். அந்த ராத்திரி எங்கள் வீட்டில் அடைதான், டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் நான் சாப்பிட உட்காருவேன்.