பூங்காவின் பெரிய கேட்டைத் திறக்கச் சொல்லுங்கள்
உங்கள் பகுதி பூங்காவில் சக்கர நாற்காலி நுழைய முடியாவிட்டால், குப்பை வண்டிக்கென்று பூட்டி வைத்திருக்கும் பெரிய கேட்டை நடைப்பயிற்சி நேரத்தில் திறந்து வைக்கும்படி 1913 என்ற புகார் எண்ணில் சென்னை மாநகராட்சியிடம் கேளுங்கள்.

சின்ன கேட்டில் பைக்கைத் தடுக்க நட்ட கம்பிகளுக்கு நடுவே நாற்காலியும் சிக்கிக்கொள்கிறது. சக்கரத்தைத் தள்ளுபவரின் விரல் முட்டிகள் கம்பியில் உரசும். பெரிய கேட் ஏற்கெனவே இருப்பதால் கட்டுமானச் செலவே இல்லை. பைக் நுழையும் என்று காவலாளி தயங்குவார், நியாயம்தான். 90 செ.மீ. மட்டும் திறந்து சங்கிலி போட்டுவிட்டால் கார், ஆட்டோ வராது. பைக்கை அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேட்டடியில் படி இருந்தால் இது உதவாது. 15 செ.மீ. படிக்கு 180 செ.மீ. நீளச் சரிவுப்பாதை வேண்டும். பலகையைச் சாய்த்துச் சமாளிக்காதீர்கள், நாற்காலி பின்பக்கம் கவிழ்ந்துவிடும்.