ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து வீரரைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: ரான் பராசியை முன்வைத்து

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து வீரர்களைப் பற்றித் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கும் இளைஞர்களின் கட்டுரைகளைத் திருத்தும்போது, தொடக்க காலத்தில் நான் செய்த பிழைகளே மீண்டும் வருவதைப் பார்க்கிறேன். ஊர்ப்பெயர்ப் பிழை, தேதி மாற்றம் போன்றவற்றை எவரும் திருத்திவிடலாம். படிப்பவருக்கு முற்றிலும் தவறான சித்திரத்தைத் தந்துவிடும் பிழைகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அவை அனைத்தும், வீரராகவும் பயிற்றுநராகவும் புகழ்பெற்ற ரான் பராசி ஒருவரின் வாழ்விலேயே கிடைக்கின்றன.

ஆட்ட வாழ்வையும் பயிற்சி வாழ்வையும் ஒரே ஆண்டில் வெட்டுவது

இன்றும் என்னை எரிச்சலூட்டுவது இந்தத் தவறுதான். 2023 செப்டம்பரில் பராசி மறைந்தபோது, ஒரு மலருக்காக எழுதப்பட்ட அஞ்சலிக் கட்டுரை, “1953 முதல் 1964 வரை மெல்பர்ன் அணிக்காக 204 ஆட்டங்கள் ஆடி ஓய்வு பெற்று, 1965 முதல் பயிற்றுநரானார்” என்றது. வாக்கியம் சீராக இருந்ததால் எவருக்கும் ஐயம் எழவில்லை. அச்சான பிறகே பிழை கண்ணில் பட்டு, அந்தப் பக்கங்களை மறுபடியும் அச்சடிக்க நேர்ந்தது.

பராசி 1964 இல் ஓய்வு பெறவில்லை. அவ்வாண்டு மெல்பர்ன் அணியின் தலைவராகக் கோப்பையை வென்ற அவர், ஆட்டப்பருவம் முடிந்ததும், 28 வயதில், கார்ல்டன் அணிக்குத் தலைவராகவும் பயிற்றுநராகவும் ஒருசேரப் பொறுப்பேற்றுச் சென்றார். அங்கே மேலும் 50 ஆட்டங்கள் ஆடினார். ஆகவே மொத்தம் 254. களத்தில் ஓடிக்கொண்டே அணியை நடத்தும் இந்த இரட்டைப் பொறுப்பு அக்காலத்தில் இயல்பானது. 1965 இல் கோடு கிழித்தால் 50 ஆட்டங்கள் காணாமற்போவதோடு, அந்த மாற்றம் ஏன் மெல்பர்ன் நகரையே உலுக்கியது என்பதும் விளங்காமற்போகும். மெல்பர்ன் பத்தாண்டுகளில் ஆறு கோப்பைகளை வென்ற அணி. அதன் பயிற்றுநர் நார்ம் ஸ்மித், பராசியின் தந்தையோடு ஆடியவர். தந்தையை இழந்த சிறுவனைத் தம் வீட்டில் வைத்து வளர்த்தவர். மறுபுறம், 1947 க்குப் பிறகு கோப்பையையே காணாத அணி கார்ல்டன். ஆடும் வலிமை இருக்கும்போதே ஒருவர் அந்த வீட்டை விட்டு இந்த அணிக்குச் சென்றார் என்பதில்தான் கதையின் உயிர் இருக்கிறது. அதற்குப் பின் மெல்பர்ன் அடுத்த கோப்பைக்கு 2021 வரை காத்திருந்தது.

இதே பிழையின் மறுபக்கமும் உண்டு. வீரராக அவருடைய ஆண்டுகள் 1969 வரை நீள்வதைக் கண்டவர்கள், 1968 இல் கார்ல்டன் வென்ற கோப்பையை வீரர் கணக்கிலும் சேர்த்துவிடுகிறார்கள். அந்த இறுதி ஆட்டத்தில் அவர் களமிறங்கவில்லை. வீரராக ஆறு (1955, 1956, 1957, 1959, 1960, 1964), பயிற்றுநராக நான்கு (1968, 1970, 1975, 1977) என்பதே சரியான கணக்கு. எழுத உட்காரும் முன், ஒவ்வோர் ஆண்டுக்கும் எதிரே ஆடினாரா, தலைவராக இருந்தாரா, பயிற்சியளித்தாரா என்று தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள் இல்லாமல் வரும் கட்டுரையை நான் படிக்கத் தொடங்குவதே இல்லை.

புள்ளிகளைத் தசமமாகப் படிப்பது

1968 இறுதி ஆட்டத்தில் கார்ல்டன் 7.14, எசென்டன் 8.5. முதல் எண் கோல், அதாவது நடுவிலுள்ள இரு கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்து அனுப்புவது. ஒவ்வொன்றுக்கும் ஆறு புள்ளிகள். இரண்டாவது எண் பிஹைண்ட், அதாவது பந்து அவற்றுக்கு வெளியே, பக்கக் கம்பத்துக்கு உட்புறமாகச் செல்வது. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. ஆகவே 56 க்கு 53 என வென்றது கார்ல்டன். குறைவான கோல் அடித்த அணி தோற்றது என்று எழுதிவிடாதீர்கள்.

அப்பாவையும் மகனையும் கலப்பது

தந்தையும் ரான் பராசியே, அவரும் மெல்பர்ன் வீரரே. 1940 இல் கோப்பை வென்று, 1941 இல் லிபியாவின் டோப்ருக்கில், இரண்டாம் உலகப் போரில் இறந்தவர் தந்தை.

லீக்கின் பெயர்

இன்று ஆஸ்திரேலியக் கால்பந்து லீக் எனப்படும், இந்த அணிகள் ஆடும் போட்டித் தொடர், 1990 வரும்வரை விக்டோரியக் கால்பந்து லீக்.

இடைவேளைப் பேச்சுக்கே வெற்றியை எழுதிவைப்பது

1970 இறுதி ஆட்டத்தில் 1,21,696 பேர் பார்க்க, காலிங்வுட் இடைவேளையில் 44 புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. கார்ல்டன் 10 புள்ளிகளில் வென்றது. பராசியின் உரை வீரர்களைத் தட்டியெழுப்பியது உண்மை. ஆனால் பந்தை மூடிய கையால் குத்தி அனுப்பும் ஹேண்ட்பால் முறையை விடாமல் கையாண்டு விரைந்து ஆடுமாறு அவர் இட்ட கட்டளையையும், மாற்று வீரராக இறங்கிய டெட் ஹாப்கின்ஸ் அடித்த நான்கு கோல்களையும் சொல்லாமல் உரையை மட்டும் எழுதினால், பயிற்றுநரின் அறிவு மறைந்து குரல் மட்டுமே மிஞ்சும்.

கோப்பை இல்லாத ஆண்டுகளைத் தாண்டிச் செல்வது

நார்த் மெல்பர்ன் அணிக்கு 1975 இல் முதல் கோப்பையைத் தந்ததோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். 1981 இல் அவர் மெல்பர்னுக்குத் திரும்பியபோது அணி அந்த ஆண்டு முழுவதும் ஒரே ஓர் ஆட்டத்தில்தான் வென்றது. 1985 இல் அவர் விலகும்வரை இறுதிச் சுற்றுக்கு நுழையவில்லை. ஆயினும் அயர்லாந்து இளைஞர்களைத் தேடி அழைத்துவரும் முயற்சி அவர் காலத்தில்தான் நடந்தது. அப்படி வந்த ஜிம் ஸ்டைன்ஸ் 1991 இல், லீக்கின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் பெற்றார். பராசி 1993 இல் சிட்னி அணியை ஏற்றபோது அது தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது. 1995 இல் அவர் விலகினார். அடுத்த ஆண்டே ராட்னி ஈடின் பயிற்சியில் சிட்னி இறுதி ஆட்டத்தை எட்டியது.