தீவுல கால் வைக்காமயே தீவுப் பறவைகளைப் பாக்கறது எப்படி

கழிமுகத்துக்கு நடுவுல ஆள் இல்லாத ஒரு குட்டி உப்புச் சதுப்புத் தீவு, மரம் கிடையாது, பாறை கிடையாது, கரையில இருந்து பாத்தா தட்டையா ஒரு பச்சைக் கோடு மாதிரிதான் தெரியும், நிறைய பேர் ஒரு பார்வை பாத்துட்டு "அங்க என்ன இருக்கு"ன்னு போயிடுவாங்க. அதே கோட்டு மேல சரியான நேரத்துல பைனாகுலரை வச்சீங்கன்னா ஆயிரக்கணக்குல பறவை தோளோட தோள் ஒட்டி நிக்கும். காட்டுல, வயல்ல பறவை பாத்துப் பழகினவங்க விடியக்காலையில எழுந்து வருவாங்க, அந்தப் பழக்கம் இங்க உதவாது, ஏன்னா இங்க பறவைகளோட நாள் சூரியனை வச்சு ஓடறது இல்ல, கடல் தண்ணி ஏறி வத்தறதை வச்சுதான் ஓடுது. இது ஒண்ணு புரிஞ்சிட்டா மிச்சம் எல்லாம் தானா வரும், தீவுல இறங்கணும்ங்கற ஆசையும் போயிடும், ஏன்னா தண்ணியே பறவைகளை உங்க கண்ணு முன்னாடி கொண்டுவந்து நிறுத்திடும்.

எப்படின்னா, தண்ணி வத்தியிருக்கும்போது சேறு கிலோமீட்டர் கணக்குல விரிஞ்சு கிடக்கும், பறவைங்க அது முழுக்க சிதறி மேயும், உங்களுக்கு தூரத்துல நகர்ற புள்ளிதான் தெரியும். தண்ணி ஏற ஏற சேறு சுருங்கும், பறவைங்க பின்வாங்கிக்கிட்டே வரும், கடைசியில நனையாம இருக்கற இடம்னா தீவோட மேட்டுப்பகுதி மட்டும்தான், அங்க வந்து கூடும். அதனால ஹை டைடுக்கு, அதாவது ஏத்தம் உச்சத்துல நிக்கற நேரத்துக்கு, ரெண்டு மணி நேரம் முன்னாடியே போய் உக்காந்துடுங்க, தண்ணி திரும்பி வத்த ஆரம்பிச்சு ஒரு ஒன்றரை மணி நேரம் வரைக்கும் எழுந்திருக்காதீங்க.

தண்ணி எப்போ, எவ்வளவு உயரம் ஏறும்னு சொல்ற டைட் டேபிள் போன்லயே கிடைக்கும். பெரும்பாலான கடற்கரையில ஒரு ஏத்தத்துக்கும் அடுத்த ஏத்தத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிஷம் இடைவெளி, அதாவது இன்னைக்கு காலை 10 மணிக்கு ஏத்தம்னா நாளைக்கு காலை சுமார் 10.50க்கு. அமாவாசை, பௌர்ணமி தாண்டி ஒண்ணு ரெண்டு நாள்ல ஏத்தம் ரொம்பப் பெருசா இருக்கும், அப்போ போனா நல்லாயிருக்கும்னு தோணும், ஆனா இங்கதான் கவனிக்கணும். தீவு தாழ்வா இருந்தா பெரிய ஏத்தத்துல முழுசா முங்கிடும், பறவைங்க வேற எங்கயோ பறந்து போயிடும், நீங்க வெறும் தண்ணியைப் பாத்துட்டு உக்காந்திருப்பீங்க. அதுவே அரைநிலா நாட்கள்ல ஏத்தம் சின்னதா இருக்கும், சேறு பாதி மூடாமயே கிடக்கும், அதுங்க மேயற இடத்தை விட்டு வரவே வராது. நடுத்தரமான ஏத்தம்தான் சரி, அது எத்தனை மீட்டர்ங்கறது ஒவ்வொரு தீவுக்கும் மாறும். ஒவ்வொரு தடவை போகும்போதும் டேபிள்ல போட்டிருக்கற உயரத்தையும், தீவு எவ்வளவு வெளியில தெரிஞ்சதுங்கறதையும் ஒரு நோட்டுல எழுதுங்க, நாலஞ்சு தடவையில அந்தத் தீவோட கணக்கு உங்க கைக்கு வந்துடும். டேபிள் சொல்றதும் அப்படியே நடக்காது, காத்தழுத்தம் 1 மில்லிபார் குறைஞ்சா கடல் மட்டம் சுமார் 1 செ.மீ. கூடும், கூடவே கடல்ல இருந்து கரைக்கு காத்து தள்ளினா இன்னும் ஏறும்.

தண்ணி ஒரே வேகத்துல ஏறாதுங்கறதும் முக்கியம். ஆறு மணி நேரத்துல ஏறற மொத்த உயரத்தை 12 பங்காப் போட்டா முதல் மணியில 1 பங்கு, ரெண்டாவதுல 2, மூணாவது நாலாவதுல மூணு மூணு, அப்புறம் 2, கடைசியில 1. அதாவது நடுவுல இருக்கற ரெண்டே மணி நேரத்துல பாதி உயரம் ஏறிடுது. சதுப்புல ஆள் மாட்டிக்கறது பெரும்பாலும் இந்த நேரத்துலதான், அதுவும் முன்னாடி கடலைப் பாத்துட்டு நிக்கும்போது பின்னாடி இருக்கற ஓடைதான் முதல்ல நிரம்பும், திரும்பிப் பாத்தா வந்த வழி இருக்காது. அதனால கரையை விட்டு சேத்துல இறங்காதீங்க. மீறி கால் புதைஞ்சிட்டா பிடுங்கி இழுக்கக் கூடாது, பின்பக்கமா சாஞ்சு உக்காந்து உடம்போட எடையைப் பரப்பி, காலை மெதுவா ஆட்டி ஆட்டி தண்ணி உள்ள போக விட்டு ஒவ்வொண்ணா எடுக்கணும், உடனே உதவிக்கும் கூப்பிடணும்.

உக்கார்ற இடத்துக்கு வருவோம். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கணும், அதனால காலை ஏத்தத்துக்கு ஒரு இடம், சாயங்கால ஏத்தத்துக்கு வேற இடம்னு ரெண்டு பாத்து வச்சுக்கோங்க. கரை மேட்டு உச்சியில நின்னா உங்க உருவம் வானத்துல வெட்டித் தெரியும், ரொம்ப தூரத்துலயே பறவை கவனிச்சிடும், சரிவுல இறங்கி ஒரு புதரை முதுகுக்கு வச்சு உக்காருங்க. ஓய்வெடுக்கற பறவைங்க காத்து வர்ற திசையைப் பாத்து நிக்கும், அதனால காத்து உங்க பக்கத்துல இருந்து வீசினா முகம் தெரியும், எதிர்ப்பக்கம்னா வெறும் முதுகுதான். 8x42 பைனாகுலர் போதும் ஆரம்பிக்க, ஆனா உண்மையைச் சொன்னா சதுப்புக்கு ஸ்கோப் (ஒத்தைக் கண்ணால பாக்கற சின்னத் தொலைநோக்கி) இல்லாம ரொம்ப நாள் தாக்குப்பிடிக்க முடியாது, ட்ரைபாடோட ஒண்ணு யார்கிட்டயாவது இரவல் வாங்கிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. உச்சி வெயில்ல சேத்து மேல கானல் ஆடும், அந்த நேரத்துல ஸூமை ஏத்தறதால பிரயோஜனம் இல்ல, குறைச்சே வைங்க.

எந்தப் பறவைன்னு கண்டுபிடிக்கறதுல எல்லாரும் முதல்ல நிறத்தைத்தான் பாப்பாங்க, கரைப்பறவைல அது ஏமாத்தும், இனப்பெருக்கம் இல்லாத மாசங்கள்ல பாதிக்கு மேல மண் நிறமும் சாம்பலும்தான். அலகு, கால், அது மேயற விதம் இந்த மூணையும் பாருங்க. சிப்பிபிடிப்பான் கருப்பு வெள்ளை உடம்பும் ஆரஞ்சு அலகுமா யாரும் தவறவிட முடியாத பறவை, அதுலயே சிலது சிப்பியை சுத்தியல் மாதிரி அடிச்சு உடைக்கும், சிலது ஓடு திறந்திருக்கும்போது குத்தித் திறக்கும், வேலைக்கு ஏத்த மாதிரி அலகு நுனியோட வடிவமே மாறி இருக்கும், ஸ்கோப்புல நிதானமா பாத்தா தெரியும். ரெட் நாட்னு ஒரு குண்டுப் பறவை, ஈர மணல்ல அலகைச் செருகி எடுத்து எடுத்து, மண்ணுக்குள்ள அழுத்தம் மாறறதை அலகு நுனியால உணர்ந்து, தொடாமலே சிப்பி இருக்கறதைத் தெரிஞ்சுக்கும். சின்ன உள்ளான்கள்ல சிலது சேத்து மேல படிஞ்சிருக்கற வழவழப்பான நுண்ணுயிர்ப் படலத்தையே நக்கி எடுக்கும், தூரத்துல இருந்து பாத்தா ஒண்ணுமே இல்லாத சேத்தை சும்மா கொத்தற மாதிரி இருக்கும்.

பட்டைவால் மூக்கன்ங்கற நீள அலகுக் கரைப்பறவையைப் பாத்தா மட்டும் ஒரு நிமிஷம் கூடுதலா நில்லுங்க. 2022ல இந்த இனத்துல அலாஸ்காவுல பொறந்து சில மாசமே ஆன ஒரு குஞ்சு அங்கிருந்து கிளம்பி எங்கயும் இறங்காம 11 நாள்ல சுமார் 13,560 கிலோமீட்டர் பறந்து ஆஸ்திரேலியாவோட டாஸ்மேனியாவுல இறங்கிச்சு, சாட்டிலைட் டேக்ல பதிவாகியிருக்கு. அப்படிப்பட்ட பறவை ஒத்தைக்கால்ல அலகை முதுகுல செருகித் தூங்கிட்டு இருக்கும்போது, போட்டோ சரியா வரலன்னு பத்தடி முன்னாடி போய் அதைக் கிளப்பி விடறது எவ்வளவு பெரிய தப்புன்னு யோசிச்சுப் பாருங்க. அது அங்க நிக்கறது சேமிச்சு வச்ச கொழுப்பைச் செலவழிக்காம இருக்கறதுக்குத்தான், ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் அதுல கொஞ்சம் போயிடும்.

கிளம்பப் போகுதான்னு முன்னாடியே தெரிஞ்சுக்கலாம். தூங்கிட்டிருந்த தலைங்க ஒவ்வொண்ணா நிமிரும், கழுத்து நீளும், ரெண்டு மூணு பறவை எதிர்ப்பக்கம் நடக்க ஆரம்பிக்கும், இந்தக் கட்டத்துலயே நின்னு மெதுவா பின்வாங்கிட்டா கூட்டம் அடங்கிடும். பவளக்காலிங்கற சிவப்புக்கால் கரைப்பறவை கத்திட்டா ஏற்கனவே லேட், அது சதுப்போட காவல்காரன், "டியூ டியூ டியூ"ன்னு அது கிளம்பினா மொத்தத் தீவும் முழிச்சுக்கும். நீங்க அசையாமலே இருந்தும் கூட்டம் சட்டுனு எழும்பி ஒரே புகை மாதிரி திரும்பித் திரும்பி வெள்ளையும் கருப்புமா மின்னுச்சுன்னா மேல பாருங்க, வல்லூறு இருக்கும்.

முட்டை வைக்கற காலத்துக்கு இன்னும் கடுமையா இருக்கணும். ஆள் இல்லாத தீவைப் பறவை தேடி வர்றதே நாய், பூனை, நரி, எலி அங்க வராதுங்கறதுக்காகத்தான், கூடு எல்லாமே தரையிலதான். நான் புதுசுல தெரியாம ஒரு தடவை அப்படி ஒரு தீவோட சிப்பி ஓட்டு மேட்டுல இறங்கிட்டேன், தலைக்கு மேல சின்ன ஆலா நாலஞ்சு கிறீச்சுன்னு கத்திக்கிட்டே பாய்ஞ்சதை அழகா இருக்குன்னு அண்ணாந்து பாத்துட்டு நின்னேன். குனிஞ்சு பாத்தா ஷூ நுனியில இருந்து ஒரு சாண் தள்ளி ரெண்டு முட்டை, மணல் நிறத்துல பழுப்புப் புள்ளி, உடைஞ்ச சிப்பி ஓட்டுக்கு நடுவுல ஒரு சின்னக் குழி, அவ்வளவுதான் கூடு, ஒரு புல்லு கூட கிடையாது. வந்த தடத்துலயே கால் வச்சுத் திரும்பி வந்தேன், அன்னைக்கு அப்புறம் நான் எந்தத் தீவுலயும் இறங்கினது இல்ல. நீங்க வெயில்ல நிக்கற ஒவ்வொரு நிமிஷமும் தாய்ப்பறவை நிழல் குடுக்க வராம முட்டை சூடாகுது, மேல கடற்காகம் பாத்துட்டே இருக்கும். உப்புக்கொத்தான்ங்கற சின்னக் கரைப்பறவை இறக்கை உடைஞ்ச மாதிரி இழுத்துக்கிட்டே ஓடினா பரிதாபப்பட்டு பின்னாடி போகாதீங்க, கூடு உங்க காலடிக்குப் பக்கத்துல இருக்குன்னு அர்த்தம்.

இந்தக் கூடுங்க எவ்வளவு மெல்லிய கணக்குல பிழைக்குதுன்னு தெரிஞ்சா இன்னும் கவனமா இருப்பீங்க. அமெரிக்காவோட அட்லாண்டிக் கரையில சால்ட்மார்ஷ் ஸ்பேரோன்னு ஒரு சிட்டு, சதுப்புப் புல்லுலதான் கூடு கட்டும், மாசத்துலயே மிகப் பெரிய ஏத்தம் வந்து கூடு முங்கினதும் சில நாள்லயே திரும்பக் கட்டி முட்டை வைக்கும், அடுத்த மாசத்தோட மிகப் பெரிய ஏத்தத்துக்குள்ள குஞ்சு ஏறித் தப்பிக்கற அளவு வளரணும், ரெண்டுக்கும் நடுவுல கிடைக்கறது சுமார் நாலு வாரம், அதுக்குத் தேவைப்படறது மூணு வாரத்துக்கு மேல. கடல் மட்டம் கொஞ்சம் ஏறினாலும் இந்த இடைவெளி அடைபட்டுப் போயிடும். தீவே கரைஞ்சு போறதும் நடக்குது, அதே அமெரிக்கக் கரையில செசபீக் விரிகுடாவுல பாப்லர் தீவு 1840கள்ல 1,100 ஏக்கருக்கு மேல இருந்தது, 1990கள்ல சுமார் 5 ஏக்கரா தேஞ்சு போச்சு, அப்புறம் கப்பல் பாதையில தூர்வாரின மண்ணைக் கொட்டித்தான் அதைத் திரும்ப எழுப்பினாங்க, இப்போ அங்க ஆலா கூடு கட்டுது. சதுப்பு விளிம்புல செடி வேர்தான் மண்ணைப் பிடிச்சு வச்சிருக்கு, படகைக் கொண்டு போய் அந்த விளிம்புல மோதி நிறுத்தறது, சதுப்புல வளர்ற உமரிச் செடி மேல நடக்கறது ரெண்டும் அந்தப் பிடியைத் தளர்த்தும். படகுல சுத்திப் பாக்கறதா இருந்தா தள்ளியே, ஒரே வேகத்துல, தீவுக்கு இணையா போங்க, நேரா தீவை நோக்கித் திருப்பாதீங்க. ட்ரோன் வேண்டவே வேண்டாம், பறவைக்கு அது இன்னொரு வல்லூறு.

எண்ணிக்கை எடுக்கறதுக்கு ஏத்தம் உச்சத்துல இருக்கற நேரம்தான் சரி, கூட்டம் அசையாம நிக்கும். முதல்ல ஸ்கோப்பை ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரம் வரைக்கும் மெதுவா ஓட்டி என்னென்ன இனம்னு மட்டும் பாருங்க. அடுத்த ஓட்டத்துல ஒரே ஒரு இனத்தை எடுத்து, பத்துப் பறவையை நிஜமா எண்ணி அது எவ்வளவு இடம் அடைக்குதுன்னு கண்ணுல பதிய வச்சு, அதே அளவை அடுத்தடுத்து வச்சுக்கிட்டே போங்க, பெரிய கூட்டம்னா நூறு நூறா. ரெண்டு தடவை எண்ணி ரெண்டையும் எழுதுங்க, தலையில இருந்து வட்டமான எண்ணைப் போடாதீங்க. நேரம், தண்ணி உயரம், காத்து திசை, எது எதைக் கிளப்பிச்சுங்கறதையும் சேத்து எழுதினா அந்தக் குறிப்புக்கு மதிப்பு பல மடங்கு. ஈபேர்டுல (பறவைக் குறிப்புகளைப் பதியற இணையதளம்) போடறப்போ கூடு இருக்கற இடத்தோட போட்டோவும் லொக்கேஷனும் போடாதீங்க.

தண்ணி வத்த ஆரம்பிச்சதும் அவசரப்பட்டு மூட்டை கட்டாதீங்க, நிறைய பேர் இதைத் தவறவிடறாங்க. தீவோட ஓரத்துல முதல் கீத்துச் சேறு ஒரு அடி அகலத்துக்கு மினுமினுன்னு வெளிய வரும், உடனே கொசு உள்ளான்கள் ஓடி இறங்கும், உடம்பு சின்னதா இருக்கறதால அதுங்களுக்கு நாள்ல அதிக நேரம் மேஞ்சாகணும். பெரிய கோட்டான் (ஆந்தை இல்ல, வளைஞ்ச நீள அலகுக் கரைப்பறவை) இன்னும் அலகை முதுகுல வச்சுக்கிட்டு அப்படியே நிக்கும், அரை மணி நேரம் கழிச்சு நிதானமா இறக்கையை ஒரு தடவை நீட்டி, குரல் குடுத்து, ரெண்டு ரெண்டா கிளம்பும். கடைசிப் பறவை சேத்துக்குப் போனதும் நீங்க எழுந்து கால் நீட்டலாம்.