குலுங்கும் கேமராவில் ராட்சத மிருகம்: ‘க்ளோவர்ஃபீல்ட்’ படத்தைப் பார்ப்பது எப்படி?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாகவோ கோத்தகிரி வழியாகவோ நீலகிரிக்கு மலையேறி வந்த அன்றே, 2008 ஜனவரியில் வெளியான ‘க்ளோவர்ஃபீல்ட்’ படத்தைப் பார்க்க உட்கார வேண்டாம். நியூயார்க்கை ஒரு ராட்சத மிருகம் தாக்குவதை, தப்பி ஓடுபவர்களின் கையிலுள்ள கேமராவில் பதிவான காட்சிகளாகவே காட்டும் படம் இது. கொண்டை ஊசி வளைவுகளில் வரும் குமட்டலுக்கும் இப்படம் தரும் குமட்டலுக்கும் மூலம் ஒன்றே. பேருந்தில் உட்செவி அசைவை உணர்கிறது, முன்னிருக்கையையே பார்த்திருக்கும் கண்ணோ அசைவில்லை என்கிறது. படத்தில் கண் ஓடுகிறது, உடல் நாற்காலியில் கிடக்கிறது. அமெரிக்கத் திரையரங்குகள் சில இதற்காகவே எச்சரிக்கை அறிவிப்பு வைத்தன.

அறை விளக்கை முழுவதும் அணைக்காமல், திரையைச் சுற்றிச் சுவரும் சன்னல் சட்டமும் கண்ணில் படும்படி சற்றுத் தள்ளி அமருங்கள். தலை சுற்றினால் அசையாத அந்தச் சட்டத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுத் திரும்பலாம். படம் ஏறத்தாழ 85 நிமிடம்தான் என்பதால் இடையில் நிறுத்தினாலும் நேரம் வீணாகாது. கைபேசியில் பார்த்தால் குமட்டல் குறையும். மிருகத்தின் பிரம்மாண்டமும் கூடவே குறைந்துவிடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. தகரக் கூரை வீடுகளில் மழை நாளையும் தவிர்ப்பது நல்லது. படத்துக்குள் பின்னணி இசை கிடையாது. தொலைவில் கேட்கும் உறுமலும் கட்டடம் சரியும் ஓசையுமே அச்சத்தைக் கொண்டுவருகின்றன.

இனி, படத்தை எடைபோடும் முறை. தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமையோ கரடியோ குறுக்கிட்டபோது யாரோ கைபேசியில் எடுத்த காணொளிகள் நீலகிரியில் பலரிடமும் இருக்கும். அவற்றுள் ஒன்றை முதலில் கவனமாகப் பாருங்கள். விலங்கு நின்று பார்க்கும்வரை படம் ஓரளவு நிலையாக இருக்கும்; அது தலையைத் தாழ்த்தியதும் தரையும் செருப்பும் செடியும் மட்டுமே தெரியும், மூச்சிரைப்பு கேட்கும். அங்கே குலுக்கலுக்குக் காரணம் இருக்கிறது. மாட் ரீவ்ஸ் இயக்கிய இப்படத்திலும் ஒவ்வொரு குலுக்கலின்போதும் கேமராவைப் பிடித்திருப்பவன் ஏன் ஓடுகிறான், எதைப் பார்க்கத் திரும்புகிறான் என்று கேட்டுக்கொண்டே வந்தால், எது உண்மையான பதற்றம், எது வெறும் உத்தி என்பது விளங்கிவிடும்.

இந்தச் சோதனையில் படம் பெரும்பாலும் தேறுகிறது. ஜப்பானுக்குப் புறப்படும் நண்பனின் விருந்தில் வாழ்த்துகளைப் பதிவு செய்யும் பொறுப்பு, அதில் விருப்பமே இல்லாத ஹட் என்பவனிடம் வந்து சேர்கிறது. ஆகவே அவன் கோணம் தவறுவதும், வேண்டாத இடத்தில் கேமரா நிலைப்பதும் இயல்பாகவே படுகின்றன. சுதந்திர தேவி சிலையின் தலை தெருவில் வந்து விழும் காட்சியைவிட, சுரங்க ரயில் பாதையின் இருட்டில் இரவுப் பார்வை வசதியைப் போட்டதும் தெரிவதே என்னைக் கூடுதலாக நடுங்க வைத்தது. சறுக்கும் இடங்களும் உண்டு. யாராயினும் கேமராவை எறிந்துவிட்டு ஓடியிருக்க வேண்டிய தருணங்களிலும் பதிவு தொடர்கிறது. இறுதிப் பகுதியில் சென்ட்ரல் பூங்காவில் பகல் வெளிச்சத்தில் மிருகத்தை அருகே முழுமையாகக் காட்டியது, அதுவரை கால், வால், நிழல் எனத் துண்டு துண்டாகச் சேர்த்த அச்சத்தைக் குறைத்துவிட்டது என்பது என் கருத்து.

பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியதும் எழுந்துவிடாதீர்கள். இசையமைப்பாளர் மைக்கேல் ஜியாக்கினோவின் முழு இசைக்குழு அங்கேதான் முதன்முதலாக முழங்குகிறது. அப்போது ஒலியைக் கூட்டிக்கொள்ளலாம்.