தேன் பெட்டியில் இடைவெளி மேலேயா, கீழேயா?

தேனீ அடை கட்டுவதற்காகப் பெட்டிக்குள் தொங்கவிடும் மரச்சட்டங்களில், அடிப்பெட்டி (தேனீ குஞ்சு வளர்க்கும் பெட்டி)ச் சட்டத்துக்கும் அதன்மேல் ஏறும் தேன் அறை (தேன் சேரும் பெட்டி)ச் சட்டத்துக்கும் நடுவில் 8 மில்லி இடைவெளி வேண்டும். நம்ம இந்தியத் தேனீ அதில் தடையில்லாமல் நடக்கும். மிகவும் குறைந்தால் மெழுகு வைத்து அடைக்கும். கூடினால் அடை கட்டி இரண்டு சட்டத்தையும் ஒட்டிவிடும். அந்த 8 மில்லியைச் சட்டத்துக்கு மேலே விடுவதா, கீழே விடுவதா என்பதை ஆசாரியிடம் பெட்டி சொல்லும்போதே முடிவு செய்யுங்கள்.

சட்டத்தின் மொத்த உயரத்தோடு 8 கூட்டினால் பெட்டியின் உயரம். இது இரண்டுக்கும் ஒன்றுதான். மாறுவது சட்டத்தின் காது (மேல்கட்டையின் இரு பக்கமும் நீண்டிருக்கும் முனை) உட்காரும் காடி (பெட்டியின் மேல்விளிம்பில் வெட்டும் பள்ளம்) மட்டும்: காது 10 மில்லி கனம் என்றால் மேல் இடைவெளிக்குக் காடி ஆழம் 18, கீழ் இடைவெளிக்கு 10.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மேல் இடைவெளியே நல்லது. தட்டையான மூடியே போதும். மேல்கட்டையில் நிற்கும் தேனீ மேல்பெட்டியை வைக்கும்போது நசுங்காது. கீழ் இடைவெளியில் மேல்கட்டை பெட்டி விளிம்போடு சமமாக இருப்பதால், மூடியின் அடியில் 8 மில்லி விளிம்புச் சட்டம் அடிக்க வேண்டும். ஆனால் மேல் இடைவெளிப் பெட்டியைக் கழற்றித் தரையில் அப்படியே வைக்காதீர்கள். சட்டத்தின் அடி தரையைத் தொடும், தேனீ சாகும். இரண்டு ரீப்பர் போட்டு அதன்மேல் வையுங்கள்.

உலராத பச்சை அயனி மரப் பலகையில் பெட்டி செய்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண். மரம் அகலவாட்டில்தான் சுருங்கும். அந்த அகலம்தான் பெட்டியின் உயரம். சட்டத்தின் பக்கக்கட்டையோ நீளவாட்டு மரம், அது சுருங்குவதில்லை. பெட்டி 4 மில்லி சுருங்கினாலே இடைவெளி பாதியாகிவிடும். நன்றாக உலர்ந்த பலகைதான் வேண்டும்.

மார்த்தாண்டம் பக்கம் அதிகம் நடக்கும் தப்பு, கலப்பு. மாசி, பங்குனியில் ரப்பர் தேன் வரும் அவசரத்தில் கிடைத்த தேன் அறையை வாங்கி ஏற்றிவிடுகிறார்கள். கீழே மேல் இடைவெளி, மேலே கீழ் இடைவெளி என்றால் நடுவில் 16 மில்லி. தேன் எடுக்கத் தூக்கும்போது கீழ்ச்சட்டமும் ஒட்டிக்கொண்டு வரும். நேர்மாறாக வைத்தால் கட்டையோடு கட்டை முட்டும். இப்படி முட்டுவதற்கு மட்டும் நடுவில் 8 மில்லி விளிம்புச் சட்டம் வைத்தால் தீர்ந்தது.

வாங்கும்முன் பெட்டி விளிம்பில் ஸ்கேலைக் குறுக்கே வைத்து, மேல்கட்டை வரை அளந்து பாருங்கள். கீழ் இடைவெளிப் பெட்டியை மாற்ற, காலியாக இருக்கும்போது மேல்விளிம்பில் 8 மில்லி ரீப்பர் அடித்து, அடியில் 8 மில்லி இழைத்து எடுங்கள். ரீப்பர் காடியை மறைக்கக்கூடாது. மறைத்தால் சட்டம் வெளியே வராது.